ஆரோனின் தோளில் இருந்த பெயர்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான போதகர்களுக்கும், குருக்களுக்கும், மூப்பர்களுக்கும், சேலம் வட்டாரத்துச் சபைக் கமிட்டிகளில் பொறுப்பில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு தையல்காரியின் ஸ்தோத்திரம்.

நான் சேலம் குகைப் பகுதியில் 26 வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவள். ரவிக்கை, சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைப்பேன். ஆனால் அஸ்தம்பட்டியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் என் கடையைத் தேடி ஆள் வருவது போதகர் அங்கிக்காகத்தான். வெள்ளை அங்கி, கழுத்தைச் சுற்றித் தொங்கவிடுகிற நீளத் துண்டான ஸ்டோல், கத்தோலிக்கக் குருக்களின் பூசை உடை, பாடகர் குழுவின் கவுன் எல்லாம் என் கை பழகிய வேலை. உங்களில் பலருடைய தோள் அளவு என் நோட்டில் இருக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு சபையிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். எந்தச் சபை என்று எழுத மாட்டேன், அவர்களை வெட்கப்படுத்துவது என் நோக்கம் இல்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பைபிளில் யாத்திராகமத்தில் வரும் பிரதான ஆசாரியன் ஆரோனின் படம். முழு நீல அங்கி, அதன் மேல் தோளில் மாட்டுகிற ஏபோத் என்ற மேலாடை, மார்பில் பன்னிரண்டு கல், தலையில் பாகை. "அக்கா, சபை ஆண்டுவிழாவுக்கு எங்க பாஸ்டர் போட்டுக்கிட்டு வரணுங்க. அப்படியே இந்தப் படத்துல இருக்கற மாதிரி தைச்சுக் குடுங்க" என்றார்கள்.

எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. இப்படி ஒரு வேலை கையில் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தையும் 39ஆம் அதிகாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி படித்தேன். சின்ன வயதில் பைபிள் படிக்கும்போது நான் தாண்டித் தாண்டிப் போன அதிகாரங்கள் அவை. இப்போது ஒவ்வொரு வசனமும் யாரோ எனக்கு அளவு சொல்லித் துணி கொடுப்பது போல இருந்தது. இன்ன நூல், இன்ன நிறம், இத்தனை மடிப்பு, இந்த இடத்தில் வளையம், அந்த இடத்தில் நாடா.

கல் வைக்கிற கட்டம் வந்ததும் அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, கல்லுல பேரு வெட்டணும்னு வேதத்துல இருக்குது. பன்னெண்டு கோத்திரத்துப் பேரையே எழுதட்டுமா, இல்ல நம்ம சபை ஜனங்க பேரை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "பேரெல்லாம் வேண்டாங்கக்கா. தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு எங்க தெரியப் போகுது? லைட்டு பட்டா மின்னணும், அவ்வளவுதான்" என்றார்.

கூலிக்குத் தைக்கிறவள் என்ன சொல்ல முடியும்? கண்ணாடிக் கல் வாங்கி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். விழா அன்றைக்குப் பந்தலின் கடைசியில் நின்று பார்த்தேன். லைட் பட்டு நன்றாகவே மின்னியது. ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தப் போதகர், அபிஷேகம் பண்ணப்பட்டவனை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, இந்த வஸ்திரம் அதற்கு அடையாளம் என்று பிரசங்கித்தார். பன்னிரண்டு கல்லும் வெறுங்கல் என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அழுததோடு விட்டிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அதே மாதிரி அங்கி கேட்டு இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தோளைப் பற்றிச் சொல்கிறேன். தையலில் எல்லாம் தோளில்தான் ஆரம்பம். எந்த உடுப்பானாலும் அதன் கனம் தோளில்தான் நிற்கும். இடுப்பில் ஒரு இஞ்ச் தப்பினால் பிடித்துத் தைத்துச் சரிசெய்துவிடலாம், தோளில் அரை இஞ்ச் தப்பினால் உடுப்பே கெட்டுப் போகும். சட்டையின் தோளில் வைக்கிற இரட்டைத் துண்டுக்கு எங்கள் தொழிலில் 'யோக்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் நுகம், மாட்டின் கழுத்தில் ஏற்றுகிற அதே நுகத்தடி. கத்தோலிக்கக் குருக்கள் பூசை மேலாடையை அணியும்போது சொல்கிற பழைய ஜெபத்திலும் நுகம் வரும். என் நுகம் மெதுவானது, என் சுமை இலகுவானது என்று ஆண்டவர் சொன்னதை நினைத்துத்தான் அந்த உடையைத் தலைவழியே போட்டுக்கொள்வார்கள்.

ஏபோத் சாதாரணத் துணி இல்லை. நம் ஊர் வெண்பட்டு வேட்டியின் கரையில் சரிகை ஓடும், பட்டுநூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோக இழை அது. ஏபோத்தில் ஓடியது பொன்னேதான். பொன்னைத் தகடாக அடித்து, இழை இழையாக வெட்டி, நீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களோடு சேர்த்து நெய்தார்கள் என்று 39:3 சொல்கிறது. கனமான துணி. அந்தக் கனம் முழுவதும் வந்து இறங்குகிற இடம் இரண்டு தோள்துண்டு. சரியாக அந்த இடத்தில்தான் இரண்டு கோமேதகக் கற்களை வைக்கச் சொன்னார் கர்த்தர். ஒரு கல்லில் ஆறு பெயர், மற்றதில் ஆறு பெயர், முத்திரை வெட்டுகிற மாதிரி ஆழமாக வெட்ட வேண்டும். அலங்காரத்துக்கு மட்டும் கல் வைப்பதாக இருந்தால் கண்ணுக்குப் படுகிற வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. சுமை இறங்குகிற இடத்தில் ஜனங்களின் பெயரை வைத்தார் என்பது ஏபோத்தின் தோளைக் கத்தரித்த ராத்திரிதான் எனக்குப் பிடிபட்டது.

தோளோடு விடவில்லை. அதே பெயர்கள் இன்னொரு தடவை மார்பில் வருகின்றன. நியாயவிதி மார்ப்பதக்கம் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், இரட்டையாக மடித்தது. ஏன் இரட்டை என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நாலு வரிசையில் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு கல்லை ஒற்றைத் துணியில் பதித்தால் துணி தொங்கிவிடும். உள்ளே கேன்வாஸ் வைக்காமல் நாங்கள் ஒரு காலர்கூடத் தைப்பதில்லை. அந்தப் பதக்கம் ஏபோத்தை விட்டுப் பிரிந்துவிடக் கூடாது என்று வளையத்துக்கு வளையம் இளநீல நாடாவால் கட்டவும் சொல்லியிருக்கிறது. ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்களைத் "தன் இருதயத்தின்மேல்" சுமந்துகொண்டு போக வேண்டும். யாத்திராகமம் 28:29. ஐயா, நீங்கள் நூறு தடவை படித்த வசனம்தான். இன்னொரு தடவை ஒரு தையல்காரிக்காகப் படியுங்கள்.

அந்தக் கல்லில் இருந்தது யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர், அவர்கள் யார் யார் என்று பாருங்கள். தகப்பன் படுக்கையைத் தீட்டுப்படுத்திய ரூபன். சீகேமில் ஒரு ஊரையே வெட்டிப் போட்ட சிமியோனும் லேவியும், அவர்களுடைய கோபத்தைச் சாகும் நேரத்தில் யாக்கோபே சபித்தார். சொந்தத் தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன யூதா. இவர்கள் பெயரை எடுத்துவிடவும் இல்லை, மூலையில் தள்ளவும் இல்லை. யோசேப்புக்கு ஒரு கல் என்றால் தாணுக்கும் ஒரு கல். தோள் கற்களில் எப்படி எழுத வேண்டும் என்றால், அவர்கள் பிறந்த வரிசையின்படி. எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு நல்லவன் என்ற கணக்கே அங்கே இல்லை.

இதைப் படித்துவிட்டு நம் ஆலயங்களின் சுவரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நாமும் கல்லில் பெயர் வெட்டுகிறோம். காணிக்கை அதிகம் கொடுத்தவர் பெயர் மேலே, குறைவாகக் கொடுத்தவர் பெயர் கீழே. ஃபேனில் பெயர், பெஞ்சில் பெயர், டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர். ஐம்பது ரூபாய் கொடுத்த கட்டிட வேலைக்காரப் பெண்ணின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. சரி, கட்டிடம் கட்டப் பணம் வேண்டும், கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பெயருக்காக வெட்டுகிற கல்லும், சுமப்பதற்காக வெட்டுகிற கல்லும் ஒன்று இல்லையே. பிறந்த வரிசை என்பதைப் பிறப்பில் உயர்வு தாழ்வு என்று மாற்றிப் போட்டுவிட்ட சபைகளும் நம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் வைத்துச் சாதி பிரிக்கிறார்கள். பன்னிரண்டு பெயரும் ஒரே சாண் துணியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்று அந்த ஊர்களில் யாராவது பிரசங்கம் செய்தால் கேட்க ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று. அந்த வஸ்திரத்தில் எங்கே தேடினாலும் ஆரோன் என்ற பெயர் கிடையாது. நெற்றிப் பட்டத்தில் எழுதியிருந்தது "கர்த்தருக்குப் பரிசுத்தம்". கற்களில் இருந்தது ஜனங்களின் பெயர். அவருடைய கோத்திரத் தகப்பன் லேவியின் பெயர் பன்னிரண்டில் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது எனக்கு வருகிற ஆர்டர்களில் ஸ்டோலின் முனையில் போதகரின் பெயரை எம்பிராய்டரி போட்டுத் தரச் சொல்கிறார்கள். போட்டுத் தருகிறேன். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் போடும்போது மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன், ஐயா, உங்கள் ஜனங்களின் பெயர் எங்கே?

ஏற்காடு மலையில் ஊழியம் செய்கிற வயதான ஒரு போதகருடைய அங்கி ஒருமுறை தையலுக்கு வந்தது. அவர் பெயரும் சொல்ல மாட்டேன், சொன்னால் வருத்தப்படுவார். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி ஒரு பையன் மஞ்சள் பையில் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளை அங்கி பழுப்பாகிவிட்டிருந்தது. ஓரம் அவிழ்ந்திருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோது இடது மார்புப் பக்கம் கையால் தைத்த ஒரு பாக்கெட், அவர் வீட்டம்மா தைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் துணி நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோயிருந்தது. பாக்கெட்டுக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. மடிப்பில் கிழிந்து, வேர்வை பட்டுப் பென்சில் எழுத்து மங்கியிருந்தது. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்த பையன். எஸ்டேட் லைனில் இருக்கிற ஒரு பாட்டி, பக்கத்தில் 'கண்' என்று எழுதியிருந்தது. திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் நாலு பேர். ஒரு வரியில் முழுப்பெயர் இல்லாமல் முதல் எழுத்து மட்டும், பக்கத்தில் 'குடி'. இப்படியே முப்பது, நாற்பது வரி. சிலது அடித்து, பக்கத்தில் தேதியும் சிலுவைக் குறியும்.

அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது. "அம்மா, அங்கி எப்ப ஆனாலும் பரவாயில்லைங்க. உள்ள ஒரு சீட்டு இருந்திருக்குமே, அது பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மார்ப்பதக்கம் என்றால் என்ன என்று எனக்கு அந்தச் சீட்டைப் பார்த்தபிறகு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வேதத்தில் சொன்ன அளவும் ஒரு சாண்தான்.

அப்புறம் மணிகள். இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை, ஏனென்றால் என் பிறந்த வீடு சிவதாபுரம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலைதான். அம்மா கொலுசுக்கு மணி வைப்பார். ஒவ்வொரு மணியையும் எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே உருண்டை இல்லாமலோ பற்றவைத்ததில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் சத்தம் வராது. அதை ஊமை மணி என்று தனியாக ஒதுக்கிவிடுவார். பார்ப்பதற்கு எல்லா மணியும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே வெள்ளி, அதே பளபளப்பு.

ஆசாரிய அங்கியின் கீழ் ஓரத்தில் பொன்மணியும் மாதளம்பழமும் மாறி மாறித் தொங்கின. மாதளம்பழம் நூலால் செய்தது. மணி வசனத்தைக் குறிக்கும், பழம் ஆவியின் கனியைக் குறிக்கும் என்று நீங்கள் பிரசங்கிப்பதைக் கேட்டிருக்கிறேன், அதுவும் நல்லதுதான். என் அம்மா சொல்வது வேறு. மணிகளை நெருக்கி வைத்தால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கெட்டுப்போகும், நடுவில் இடம் விட வேண்டும் என்பார். அந்த மெத்தென்ற நூல் பழம் இருந்ததால்தான் ஒவ்வொரு மணியும் தன் சத்தத்தைத் தெளிவாகக் கொடுத்திருக்கும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் கொஞ்சம் கனிவு இருக்கட்டும் ஐயா. மைக் கையில் இருக்கும் நேரம் முழுவதும் மணியாகவே இருந்தால், வீட்டில் நோயாளியை வைத்துவிட்டு வந்த ஒருவருக்கு எதுவும் காதில் ஏறாது.

மணி இருந்த இடத்தையும் கவனியுங்கள். அது வாயருகே இல்லை, காலருகே. ஆசாரியன் நடந்தால்தான் சத்தம் வரும். மேடையில் ஒரே இடத்தில் நின்றால் மணி பேசாது. அந்த மலைப் போதகர் மழையில் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடந்து போகும் சத்தம் அந்த ஜனங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பிரதான ஆசாரியனின் காலில் கயிறு கட்டியிருப்பார்கள், மணிச்சத்தம் நின்றுபோனால் செத்துவிட்டார் என்று வெளியே இழுத்துவிடுவார்கள் என்று பல கூட்டங்களில் சொல்கிறார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கி தைக்கும்போது அந்தக் கயிற்றின் அளவைத் தேடினேன், வேதத்தில் அப்படி ஒரு கயிறே இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, இடைக்காலத்தில் வந்த கதை அது. போதாததற்கு, வருஷத்துக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் பாவநிவிர்த்தி நாளில் அவர் இந்த மணி அங்கியோடு உள்ளே போகச் சொல்லப்படவே இல்லை. லேவியராகமம் 16:4ஐப் பாருங்கள். சாதாரண வெள்ளைச் சணல்நூல் சட்டை, சணல்நூல் சல்லடம், சணல்நூல் கச்சை, சணல்நூல் பாகை, அவ்வளவுதான். பொன் இல்லை, கல் இல்லை, நீலம் இல்லை. தேவனுக்கு மிக நெருக்கமாகப் போகிற நாளில் மிக எளிமையான உடை. ஜனங்களைப் பயமுறுத்த அந்தக் கயிற்றுக் கதை வேண்டாம், இந்த வெள்ளைச் சட்டையின் கதையைச் சொல்லுங்கள்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. யாத்திராகமத்தில் நம் தமிழ் வேதாகமம் மெல்லிய பஞ்சுநூல் என்று சொல்வதால் பருத்தி என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும், மேலே சொன்ன சணல்நூலும் ஆளிச் செடியின் நாரில் நூற்ற லினன், எகிப்தில் பேர்போன துணி. உடம்பு வேர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும். வேர்வை உண்டாக்கும் எதையும் ஆசாரியர்கள் அரையில் கட்டக் கூடாது என்று எசேக்கியேல் 44:18இல் இருக்கிறது. ஆதாமுக்கு வந்த சாபத்தில் வேர்வை இருந்தது, சந்நிதியில் செய்யும் ஊழியத்தில் அது இருக்கக் கூடாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சேலத்து மே மாத வெயிலில் பாலியஸ்டர் அங்கிக்குள் நீங்கள் நனைந்து நிற்பதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். காட்டன் எடுங்கள், கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் போதும்.

இப்போது நம் ஆண்டவரிடம் வருகிறேன். இவ்வளவு மகிமையான வஸ்திரத்தை இயேசு ஒரு நாளும் போட்டதில்லை. அவர் யூதா கோத்திரத்தார், அந்த உடைக்கு உரியவர் லேவி கோத்திரத்தார், எபிரெயர் 7ஆம் அதிகாரம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அவருடைய அங்கியைப் பற்றி யோவான் ஒரு விவரம் எழுதியிருக்கிறார். அது தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு. அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களைக் கேளுங்கள், தையல் இல்லாமல் ஒரு முழு அங்கியை நெய்வது எவ்வளவு பொறுமையான வேலை என்று சொல்வார்கள். சிலுவையின் கீழே போர்ச்சேவகர் அதைக் கிழிக்காமல் சீட்டுப் போட்டார்கள்.

கிழியக் கூடாது என்பது ஆரோனின் அங்கிக்கும் சொல்லப்பட்டது. தலை நுழைகிற துவாரத்தைச் சுற்றி நெய்த நாடா வைக்க வேண்டும், "அது கிழியாதபடிக்கு". யாத்திராகமம் 28:32. தையல்காரர்களுக்குத் தெரியும், உடுப்பு முதலில் கிழிவது கழுத்தில்தான். அவசரமாகப் போடும்போதும் கோபமாகக் கழற்றும்போதும் அங்கேதான் பிடித்து இழுப்போம். பிரதான ஆசாரியன் தன் வஸ்திரத்தைக் கிழிக்கக் கூடாது என்று லேவியராகமம் 21:10 சொல்கிறது. இயேசுவை விசாரித்த ராத்திரியில் பிரதான ஆசாரியனாகிய காய்பா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். கிழிக்கக் கூடாதவன் கிழித்துக்கொண்டான், குற்றவாளி என்று நிறுத்தப்பட்டவருடைய அங்கி கிழியாமல் இருந்தது. கழுத்துக்கு பைப்பிங் வைத்துத் தைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு அங்கியும் ஞாபகம் வரும். நம் சபைகள் கோர்ட்டு, கேஸ், தேர்தல் என்று கிழிந்துபோவதும் ஞாபகம் வரும்.

அதே ஆண்டவர் கடைசி இராப்போஜனத்தில் மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சீலையை அரையில் கட்டிக்கொண்டார். மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள் என்று பின்னாளில் பேதுரு எழுதியபோது, அந்த ராத்திரி தன் காலைத் துடைத்த துணி அவர் கண்ணில் நின்றிருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்தப் பேதுருதான் நம்மெல்லாரையும் ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று எழுதினார். ஆகவே ஆசாரிய வஸ்திரம் மேடையில் நிற்கிற ஒருவருக்கு மட்டும் உரியது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மோசேயின் காலத்திலேயே சாதாரண இஸ்ரவேலர் ஒவ்வொருவரும் தங்கள் உடுப்பின் ஓரத்துத் தொங்கலில் ஒரு இளநீல நாடா கட்ட வேண்டும் என்று எண்ணாகமம் 15:38இல் இருக்கிறது. ஆசாரியனின் அங்கி முழுவதும் எந்த நீலமோ, அதே நீலத்தில் ஒரு இழை ஆடு மேய்க்கிறவனின் உடுப்பிலும் இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிற அண்ணனுக்கும், ஆஸ்பத்திரியில் பெருக்குகிற அக்காவுக்கும், ஜவ்வரிசி ஆலையில் மாவு கிளறுகிற தங்கச்சிக்கும் அந்த இழை உண்டு என்று சொல்லுங்கள். அவர்களும் யாராவது இரண்டு பேருடைய பெயரைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். வேதத்தில் ஆவியினால் 'நிரப்பின' என்ற வார்த்தை முதலில் யாருக்கு வருகிறது தெரியுமா? தீர்க்கதரிசிக்கு இல்லை, ராஜாவுக்கும் இல்லை. ஆரோனின் உடுப்பைத் தைக்கப் போகிறவர்களுக்கு. யாத்திராகமம் 28:3, "ஞானத்தின் ஆவியினால்". 35ஆம் அதிகாரத்தில் நீலமும் சிவப்பும் பஞ்சும் நூற்றுக் கொண்டு வந்த பெண்களுக்கு ஞான இருதயம் இருந்தது என்று எழுதியிருக்கிறது. ஆலயத்தில் திரைச்சீலை துவைக்கிறவர்களையும், பலிபீடத் துணிக்கு இஸ்திரி போடுகிறவர்களையும் ஊழியத்தில் சேராதவர்கள் மாதிரி நடத்தாதீர்கள். இந்த வசனத்தை எனக்கு யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்லவில்லை. ஐம்பது வயதில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆர்டர் கொடுத்த மூன்று பேருக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தைக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஒரு மாதிரி அங்கி வேண்டும் என்றால் கூலி வாங்காமலே தைத்துத் தருவேன். பன்னிரண்டு பெயரையும் பிள்ளைகளே எழுதட்டும். பெரியவர்கள் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், கல்லில் எழுத உங்கள் சபையில் இந்த மாதம் யாரும் போய்ப் பார்க்காத பன்னிரண்டு பேருடைய பெயரை எனக்குக் கொடுங்கள். பெயர் வந்தபிறகுதான் துணியை வெட்டுவேன்.

இன்னொன்றையும் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த வருஷத்திலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு போதகர் அங்கியிலும், குருக்களின் உடையிலும், உள்ளே இடது பக்கம் ஒரு பாக்கெட் வைத்துத் தைக்கிறேன். வெளியே தெரியாது. இரட்டைத் துணி, நாலு மூலையிலும் கெட்டித் தையல். அதற்குத் தனியாகக் கூலி இல்லை. பழைய அங்கியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், அரை மணி நேர வேலைதான், உட்கார்ந்து வாங்கிக்கொண்டே போகலாம். சீட்டும் பென்சிலும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

ஆண்டவருக்குள் உங்கள் சகோதரி,
ஒரு தையல்காரி,
குகை, சேலம்.